திருப்பிச் சொல்லாத அளவு

சிங்கனமக்கி அணைக்கு நான் போய் இறங்கியபோது காலை பத்து மணி. கைக்கடிகாரம்தான் அப்படிச் சொன்னது. வானத்தைப் பார்த்தால் விளக்கு வைக்கும் நேரம் மாதிரி இருந்தது. ஐந்து நாளாக விடாத மழை. ஜீப்பிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு நடந்த முப்பது அடியில் செருப்புக்குள் சேறும் கணுக்காலில் ஓர் அட்டையும் ஏறிவிட்டன.

"வசுமதி மேடம்தானே? உப்பு வெச்சிருக்கேன், காலைக் காட்டுங்க" என்றார் வாசலில் நின்றவர். அறையின் ஆபரேட்டர், பெயர் திம்மையா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். அட்டையை உதிர்த்துவிட்டுச் சூடாக ஒரு டம்ளர் கஷாயம் கொடுத்தார். அன்று முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் அதுதான்.

நான் பெங்களூரில் பதினான்கு வருடமாகத் தரவுத்தள வேலை பார்ப்பவள். கெட்டுப்போன இணைப்புகளைச் சரிசெய்யத்தான் கூப்பிடுவார்கள். எல்லாம் நன்றாக ஓடும்போது எவரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

சிங்கனமக்கியில் கதை இதுதான். அணைக்கு மேலே, காட்டுக்குள் மரகுளி என்ற இடத்தில் ஆற்றின் மட்டத்தை அளக்கும் கருவி இருக்கிறது. அங்கே ஏறும் வெள்ளம் அணைக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். கருவி வானொலியில் அனுப்பும் அளவை வாங்குவது ஒரு கிழட்டு நிரல். முப்பத்திரண்டு பிட் காலத்தில் எழுதியது, எழுதிய கம்பெனியே இப்போது இல்லை. அது ஓடிக்கொண்டிருந்த பழைய கணினி போன வாரம் இடியில் கருகிவிட்டது. நிரலைப் புது அறுபத்து நான்கு பிட் கணினிக்கு மாற்றியிருந்தார்கள். நிரல் ஓடியது. ஆனால் வாங்கிய அளவை அணையின் பதிவேடான தரவுத்தளத்தில் எழுத முடியாமல் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தது. அதாவது, அந்த மழையில் மரகுளியில் தண்ணீர் எவ்வளவு என்று அணையில் இருந்த யாருக்கும் தெரியாது.

அணைக்குக் கீழே, மதகுகளிலிருந்து தண்ணீர் விழும் பள்ளத்தில், இருபத்திரண்டு பேர் சிமெண்டுத் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவங்களை மேல வரச் சொல்லிட்டா என்ன?" என்று கேட்டேன்.

அணையின் இஞ்சினியர் ஹெக்டே மேஜையைவிட்டு நிமிரவில்லை. "போன மாசம் தப்பான அளவை நம்பி வேலையை நிறுத்தினேன். போட்ட தளம் பாழாப்போச்சு. மேலே இருந்து மெமோ வந்துச்சு. இப்ப பதிவேட்டுல அளவு வரணும், வந்த அளவை இங்க ஒரு ஆள் உறுதி பண்ணணும். அப்பதான் சங்கை ஊதுவேன். நீங்க இணைப்பைக் குடுங்க மேடம், பாக்கியை நான் பார்த்துக்கறேன்."

திம்மையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவன் அவருடைய தம்பி மாலிங்கன். இதைச் சற்று நேரம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார்.

சரி, இணைப்பு. இந்தக் கணினிகளுக்குள் இணைப்பு அமைக்க இரண்டு அறைகள் மாதிரி இரண்டு தனித் திரைகள் உண்டு. ஒன்று அறுபத்து நான்கு பிட் நிரல்களுக்கு, மற்றது முப்பத்திரண்டுக்கு. இரண்டுக்கும் ஒரே முகம். ஒன்றில் அமைத்த இணைப்பு மற்ற அறையில் இருப்பவனுக்குத் தெரியாது. ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இரண்டு குடும்பங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு, முப்பத்திரண்டு என்று பெயர் எழுதிய கோப்புறைக்குள்தான் அறுபத்து நான்கின் சாமான்கள் இருக்கும். இந்த ஏற்பாட்டைச் செய்தவன் என் கையில் கிடைத்தால் விட மாட்டேன்.

பதினான்கு வருட அனுபவம் பேசுகிறது, இல்லையா? அந்த அனுபவசாலி அன்று காலை அவசரத்தில் தவறான அறையைத் திறந்து, ஒன்றரை மணி நேரம் அங்கே இணைப்பை அமைத்து, அழித்து, மறுபடி அமைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: டிரைவரும், அதாவது நிரலைத் தரவுத்தளத்தோடு பேச வைக்கும் துணை மென்பொருளும், நிரலும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

"பெங்களூர்ல இருந்து ஆள் வந்தா ரெண்டு பட்டன் தட்டி முடிச்சிடுவாங்கன்னு சொன்னாங்க. நீங்க தட்டுறது தபலாக் கச்சேரி மாதிரி இருக்கே மேடம்" என்றார் ஹெக்டே.

பல்லைக் கடித்துக்கொண்டேன். தவறு புரிந்ததும் சரியான அறையைத் தேடித் திறந்தேன். முப்பத்திரண்டுக்கான டிரைவர் அந்தக் கணினியில் இல்லை. என் பென்டிரைவிலும் இல்லை. மழையில் இணையம் போய்விட்டது. கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் கழிவறைக்குப் பக்கத்துச் சுவர். அங்கே கைப்பேசியைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு டிரைவரை இறக்க ஆரம்பித்தேன். நாற்பது சதவீதம் போய் நின்றது. முதலிலிருந்து ஆரம்பித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் அதைப் பார்த்தேன்.

முப்பத்திரண்டின் அறையில் ஏற்கெனவே ஓர் இணைப்பு இருந்தது. பெயர்: மரகுளி.

போன வாரம் பெட்டியைப் பிரித்த கணினி. என்னைத் தவிர அந்த அறையை யாரும் திறந்திருக்க வழியில்லை. டிரைவர் என்ற கட்டத்தில் ஒன்றுமே இல்லை. டிரைவரே இல்லாமல் எப்படி ஓர் இணைப்பு இருக்கும்? எரிச்சலோடு அழித்தேன். அறையை மூடித் திறந்தேன்.

மறுபடி இருந்தது.

"திம்மையா, இந்தக் கம்ப்யூட்டரை யாராவது தொட்டீங்களா?"

"அதுக்குப் பக்கத்துலயே நான் போறதில்லை மேடம்."

அப்போது பன்னிரண்டு பத்து. பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அதில் ஒரு வரி விழுந்திருந்தது. மட்டம் 10.80 மீட்டர். கருவியின் நிரல் இணைக்கப்படவே இல்லை. அளவு மட்டும் வந்திருந்தது. அதைவிட என் கையை மௌஸிலிருந்து எடுக்க வைத்தது வேறொன்று. வரியில் இரண்டு கட்டங்கள் கூடுதலாக இருந்தன. 'படித்தவர்', 'திருப்பிச் சொன்னவர்'. பழைய பதிவேட்டில் இருந்தவை. கருவிக்கு எதற்குப் பெயர் என்று போன மாதம் பெங்களூரிலிருந்தபடியே நானே என் கையால் நீக்கிய கட்டங்கள்.

படித்தவர்: கரியண்ணா.

திருப்பிச் சொன்னவர்: ஒன்றுமில்லை.

"கரியண்ணா யாரு?" என்று சத்தமாகக் கேட்டேன்.

திம்மையாவின் கையிலிருந்த டம்ளர் மேஜையில் தட்டி நின்றது. ஹெக்டே எழுந்து வந்து திரையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "பழைய குப்பை ஏதோ மேல வந்திருக்கு. அந்த ஆள் போய் ஏழு வருஷம் ஆச்சு. முதல்ல இதைச் சுத்தம் பண்ணுங்க."

சுத்தம் செய்தேன். வரியை நீக்கினேன். போனது. ஐந்து நொடியில் வந்து நின்றது.

ஒன்று பத்துக்கு அடுத்த வரி வந்தது. 11.70. கரியண்ணா.

அறையில் ஒரு வாசனை. நனைந்த கோணிப்பையின் வாசனை. மலைநாட்டில் கோணியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நடப்பவர்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒருவர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பது போல இருந்தது. திரும்பினேன். சுவரில் பழைய கறுப்புத் தொலைபேசி ஒன்று மாட்டியிருந்தது. அதன் வயர் ஒரு சாணுக்கு மேல் இல்லை, நறுக்கி விட்டிருந்தார்கள்.

அதற்குக் கீழே தரை ஈரமாக இருந்தது.

கூரை ஒழுகுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூரையில் ஈரமில்லை.

ஹெக்டே சாப்பிடப் போனதும் திம்மையாவை என் எதிரில் உட்கார வைத்தேன். "எனக்குப் பேய் பிசாசெல்லாம் பிரச்சினை இல்லை திம்மையா. இணைப்பு வரலைன்னாதான் பிரச்சினை. எதை மறைக்கிறீங்கன்னு சொல்லிடுங்க."

அவர் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "கருவி வர்றதுக்கு முன்னாடி மரகுளியில ஆள்தான் மேடம். ஆத்தோரக் குடிசையில உக்காந்து, மணிக்கு ஒரு தடவை தண்ணியில நட்ட அளவுகோலைப் பார்த்து, அந்த போன்ல சொல்லுவான். நான் கேட்டதைத் திருப்பிச் சொல்லணும். சொன்னாதான் அவன் போனை வைக்கலாம். எழுந்தும் போகலாம். அதுவரைக்கும் இடத்தை விட்டு அசையக் கூடாது. அதுதான் சட்டம். கரியண்ணா சட்டம்னா சட்டம்னு இருக்கிற ஆளு."

"ம்."

"அன்னிக்கும் இதே மழை. மூணு பத்துக்குப் பேசினான். பதினாலு புள்ளி அறுபதுன்னான். நான் எழுதிட்டேன். திருப்பிச் சொல்றதுக்குள்ள அப்ப இருந்த பெரிய சார் வெளியில இருந்து கத்தினார், மதகு மோட்டார் நின்னுபோச்சுன்னு. போனை மேஜை மேல வெச்சிட்டு ஓடினேன். திரும்பி வர இருபது நிமிஷம்." உதட்டைத் துடைத்துக்கொண்டார். "போனை எடுத்தப்ப தண்ணிச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. குடிசையே போயிடுச்சு மேடம். அவன் போனைப் பிடிச்சிட்டே உக்காந்திருந்திருக்கான். நான் சொல்லுவேன்னு."

அப்போதுதான் திரையில் வரி விழுந்தது. இரண்டு பத்து. 13.40.

பன்னிரண்டைத் தாண்டினாலே கீழே ஆள் நிற்கக் கூடாது.

ஹெக்டேவை ஓடிப்போய் அழைத்து வந்தேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க இணைப்பு வந்துடுச்சா?"

"இல்லை. டிரைவர் இன்னும் இறங்கிட்டு இருக்கு."

"அப்ப இது எப்படி வந்துச்சு?"

"தெரியலை சார்."

"பெங்களூர் மேடத்துக்கே தெரியாத அளவை வெச்சு நான் வேலையை நிறுத்தணுமா? கையெழுத்துப் போடறது நான். செத்தவன் பேர்ல வந்த அளவுன்னு எழுதட்டுமா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. காலையிலிருந்து கணினி என்னை மதிக்கவில்லை, இந்த மனிதர் மதிக்கவில்லை, என் சொந்தப் பதிவேடே என்னை மதிக்கவில்லை. "பதிவேட்டுல அளவு வரணும், இங்க ஒரு ஆள் உறுதி பண்ணணும்னு சொன்னது நீங்கதானே? அளவு வந்திருக்கு. எப்படி வந்துச்சுன்னு உங்க சட்டத்துல கேள்வி இருக்கா?"

அவர் பதிலுக்குக் காத்திராமல் கதவுப் பக்கம் திரும்பினேன்.

"திம்மையா, வாங்க. திருப்பிச் சொல்லுங்க."

அவர் கதவருகிலேயே நின்றார். "என்னால முடியாது மேடம். அவன் என்னைப் பார்ப்பான்."

"உங்க தம்பி கீழ இருக்கான்."

வந்தார். காலியாக இருந்த கட்டத்தில் ஒற்றை விரலால் தன் பெயரை அடித்தார். அடித்தபடியே, போனில் சொல்வது போல வாய்விட்டுச் சொன்னார்: "மரகுளி. பதிமூணு புள்ளி நாப்பது. கேட்டேன் கரியண்ணா."

சுவரிலிருந்த வயர் இல்லாத தொலைபேசிக்குள் மெல்ல ஒரு சத்தம். ரிசீவரை வைக்கும் சத்தம்.

ஹெக்டேவுக்கும் அது கேட்டது. சங்கை ஊதும் பொத்தானைத் தன் கையாலேயே அழுத்தினார்.

இரண்டு ஐம்பதுக்குள் இருபத்திரண்டு பேரும் கரையேறிவிட்டார்கள். கான்கிரீட் போச்சு என்று மேஸ்திரி கீழிருந்து திட்டிய திட்டு மழையையும் தாண்டிக் கேட்டது. தம்பியைப் பார்க்கத் திம்மையா கரைக்கு ஓடினார். ஹெக்டேவும் பின்னால் போனார். மூன்று நாற்பதுக்கு வெள்ளம் வந்தது. தளம் போட்ட பள்ளம், கலவை எந்திரம், ஏணி, எல்லாம் ஒரு நிமிடத்தில் செம்மண் தண்ணீருக்குள் மறைந்தன.

இதெல்லாம் அவர்கள் சொல்லித் தெரிந்தது. நான் அறையில்தான் இருந்தேன். ஏனென்றால் மூன்று மணிக்கு அந்தப் பாழாய்ப்போன டிரைவர் முழுசாக இறங்கிவிட்டது. ஐந்தே நிமிடத்தில் சரியான அறையில் என்னுடைய இணைப்பை அமைத்தேன். நிரல் ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து வயிற்றில் வைத்திருந்ததையெல்லாம் கடகடவென்று பதிவேட்டில் கொட்டியது. கருவியின் அளவுகளைப் பார்த்தேன். 10.80. 11.70. 13.40. புள்ளிக்குப் பின்னாலும் மாறாமல் அதே எண்கள். இரண்டு நாற்பதோடு கருவி நின்றுவிட்டது. கம்பத்தையே ஆறு கொண்டுபோயிருக்க வேண்டும்.

மூன்று பத்துக்கு இன்னொரு வரி வந்தது. என் இணைப்பு வழியாக அல்ல. மற்றது வழியாக.

14.60. படித்தவர்: கரியண்ணா. திருப்பிச் சொன்னவர்: ஒன்றுமில்லை.

இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் போதும். இல்லாவிட்டால் கரைக்குப் போய்த் திம்மையாவைக் கூப்பிட்டிருக்கலாம். எனக்குச் சிவமொக்கா ஜீப் நாலு மணிக்கு. ஈரச் செருப்பு, பசி, கடித்த அட்டை, நாள் முழுக்கக் கேட்ட ஏச்சு. என் இணைப்பு வேலை செய்கிறது, இனி அந்த இன்னொன்று எதற்கு என்ற ஒரே நினைப்பு. முப்பத்திரண்டின் அறையைத் திறந்து மரகுளியை அழித்தேன். இந்த முறை அது திரும்பி வரவில்லை. வேலை முடிந்தது என்று நிம்மதியாகப் பையை மூடினேன்.

கிளம்பும்போது கோணி வாசனை இல்லை என்பதைக் கவனித்தேன். ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் அது மறுபடி வந்தது. மழைதானே, ஜீப் ஓட்டுபவர் எதையாவது பின்னால் போட்டிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பெங்களூரில், நாலாவது மாடியில் இருக்கும் என் வீட்டில், மூன்று பத்துக்கு என் மடிக்கணினியில் ஒரு வரி வந்தது. என் மடிக்கணினியின் சில்லு, அதாவது புராசசர், வேறு இனம். அறுபத்து நான்கு பிட்தான் என்றாலும் அணையிலிருந்த கணினியின் குடும்பமே அல்ல. சிங்கனமக்கியில் போட்ட டிரைவர் அதில் ஏறவே ஏறாது. ஏற்றிப் பார்த்தேன், மறுத்துவிட்டது. ஆனால் இணைப்பு இருந்தது. பெயர்: மரகுளி.

மட்டம் 0.10. திருப்பிச் சொன்னவர்: ஒன்றுமில்லை.

படித்தவர்: வசுமதி.

நானே திருப்பி அடித்துப் பார்த்தேன். எடுத்துக்கொள்ளவில்லை. படித்தவர் தானே திருப்பிச் சொல்ல முடியாது, அது சட்டம். அணையின் லேண்ட்லைனுக்குப் போன் போட்டேன். எடுத்த திம்மையாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"பதினாலு புள்ளி அறுபதை யார்கிட்டயும் சொல்லாம அழிச்சிட்டீங்களா மேடம்?"

"ஆமாம்."

"அப்ப அவன் சொன்னது உங்ககிட்ட நின்னுபோச்சு, இனி சொல்ல வேண்டியது நீங்கதான். அவன் எழுந்து போயிட்டான். இடம் காலியா இருக்கக் கூடாதே." பெருமூச்சு விட்டார். "சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்றேன்."

அவர் சொன்னதும் அந்தக் கட்டத்தில் அவர் பெயர் தானாக விழுந்தது. அன்றிலிருந்து பத்தொன்பது நாள். தினமும் மூன்று பத்துக்கு நான் சொல்வேன், அவர் திருப்பிச் சொல்வார். "என் தம்பி உயிரோட இருக்கான் மேடம், இதுகூட செய்ய மாட்டேனா?" என்பார். ஆனால் மட்டம் ஏறுகிறது. நேற்று 0.90. நேற்றிரவு குளித்துவிட்டு வந்தபோது அறைச் சுவரில், என் இடுப்பு உயரத்தில், செம்மண் தண்ணீர் நின்று வடிந்தது போல ஒரு கோடு இருந்தது.

இப்போது மணி மூன்று இருபத்தைந்து. ஒரு கையில் போன், மறுகையால் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று பத்துக்கு வழக்கம்போலத் திம்மையாதான் எடுத்தார். சொன்னேன். "மரகுளி. பதினாலு புள்ளி அறுபது." இன்றைக்கு ஒரேயடியாக அங்கே போய் நின்றிருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் யாரோ வெளியிலிருந்து கத்தினார்கள். மதகு மோட்டார் என்று காதில் விழுந்தது. "ஒரு நிமிஷம் மேடம்" என்றார். போனை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. செருப்புகள் ஓடின.

பதினைந்து நிமிடமாக அந்த அறையின் மழையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கதவைத் திறந்து படியிறங்கி ஓடிவிடலாம். எழுந்திருக்கத்தான் பார்க்கிறேன். கால் அசையவில்லை.

கோணி வாசனை இல்லை இப்போது. வெறும் ஆற்று வாசனை.

பாதம் சில்லென்று இருக்கிறது. குனிந்து பார்க்க மாட்டேன்.

திம்மையா, சீக்கிரம் வாங்க. நான் போனை வைக்கவில்லை.